காருக்குள் என்ன நிற வெளிச்சம் வேண்டும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு நிறத்துக்கும் சூட்டுக்கும் உள்ள உறவை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலையிலிருந்து வெளியே வரும் இரும்புத் துண்டு மங்கலான சிவப்பாக இருந்தால் 700 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தகதகத்தால் 1,100, 1,200 டிகிரியைத் தொட்டுவிட்டது, உருளைக்குள் விடலாம் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். இரும்பு மட்டுமல்ல, எந்தப் பொருளையும் சூடேற்றிக்கொண்டே போனால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்ற இதே வரிசையில்தான் ஒளிரும்.

காரின் கூரையில் இருக்கும் பழைய பல்பும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அதற்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,400 டிகிரி செல்சியஸில் எரிகிறது. அந்தச் சூட்டின் நிறம்தான் நாம் பார்த்துப் பழகிய மஞ்சள் வெளிச்சம். இழையை இன்னும் சூடாக்கி வெள்ளை வெளேரென்று ஆக்கலாமா என்றால் முடியாது. 3,422 டிகிரியில் டங்ஸ்டன் உருகிவிடும். அதனால் இழை பல்பு வைத்த காலம்வரை காருக்குள் மஞ்சள்தான். வேறு நிறம் வேண்டும் என்றவர்கள் பல்பின் மேல் நிறப் பெயின்ட் பூசினார்கள், கலர் காகிதம் ஒட்டினார்கள். வெளிச்சம் மங்கியதுதான் மிச்சம்.

எல்இடி வந்ததும் இந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. எல்இடி சூட்டினால் ஒளிர்வதில்லை. குறைகடத்திச் சில்லு ஒன்றில் மின்சாரம் பாயும்போது, அந்தச் சில்லு எந்தப் பொருளால் ஆனதோ அதற்கேற்ற ஒரே நிறத்தில் ஒளி வெளிவருகிறது. ஒரு பொருளுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை, வேறொன்றுக்கு நீலம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் போக்குக் காட்டியது. இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவரும் 1990-களின் தொடக்கத்தில் அதைப் பிரகாசமாக எரிய வைத்தார்கள். 2014-இல் இயற்பியல் நோபல் பரிசும் பெற்றார்கள். நீலத்துக்கு நோபல் ஏன் என்று கேட்கலாம். நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சைப் பூசினால் இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். இன்று வீட்டிலும் தெருவிலும் காரிலும் எரிகிற வெள்ளை எல்இடிகளில் பெரும்பாலானவை இப்படி நீலத்திலிருந்து பிறந்தவைதான்.

ஆகவே கடையில் காருக்கென்று வாங்கும் எல்இடி இரண்டு வகைப்படும். ஒன்று வெள்ளை. அதிலும் 3,000, 4,300, 6,000, 6,500 என்று கெல்வின் எண்கள் போட்டிருக்கும். மற்றொன்று சிவப்பு, நீலம், பச்சை, ஆம்பர் என்ற தனி நிறம். கெல்வின் எண் பல்பின் சூட்டைச் சொல்லவில்லை. அந்த அளவுக்குச் சூடான பொருள் என்ன நிறத்தில் ஒளிருமோ அந்த நிறம் என்று சொல்கிறது. பழைய இழை பல்பு 2,700 கெல்வின் பக்கம். 3,000 என்றால் கிட்டத்தட்ட அதே இளமஞ்சள். கடைக்காரர்கள் வார்ம் ஒயிட் என்பார்கள். 4,300 நடுத்தர வெள்ளை. 6,000-க்கு மேல் போனால் நீலம் தட்டிய வெள்ளை, அதாவது கூல் ஒயிட். எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எண் கூடக்கூட நீலம்தான் கூடுகிறது. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமென் என்ற வேறு எண்.

இந்த லூமென் எண்ணை வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் முதல் கவலை. காரின் கூரையில் கம்பெனி வைத்திருக்கும் 5 வாட் இழை பல்பு ஏறத்தாழ 45 முதல் 50 லூமென் வெளிச்சம் தரும். சாவியைத் தேட, குழந்தைக்குப் பெல்ட் மாட்ட, டோல் ரசீதைப் படிக்க அது போதும் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் இடத்தில் 300 லூமென் என்று அட்டையில் போட்ட எல்இடியைச் செருகினால் வெளிச்சம் ஆறு மடங்காகிறது. பகலில் ஷோரூம் வாசலில் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். ராத்திரி எளாவூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 16-இல் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது பின்சீட்டில் ஒருவர் அந்த விளக்கைப் போட்டால், முன்கண்ணாடி முழுக்க உங்கள் காரின் உள்பக்கமே பிரதிபலிக்கும். சாலை தெரியாது.

விளக்குத் தொழில் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதில்லை. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில் புதுச்சத்திரத்தில் இருக்கும் இந்தியா ஜப்பான் லைட்டிங், லூகாஸ் டிவிஎஸ் நிறுவனமும் ஜப்பானின் கோயிட்டோவும் சேர்ந்து 1990-களில் தொடங்கிய வாகன விளக்குத் தொழிற்சாலை. உலகில் முதன்முதலாக எல்இடி ஹெட்லைட்டோடு விற்பனைக்கு வந்த லெக்சஸ் காருக்கு 2007-இல் அந்த விளக்கைச் செய்து கொடுத்தது அதே கோயிட்டோதான். திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. அதே ஊரில் இன்று சிட்ரோயன் சி3 உருவாகிறது. அந்த லான்சர் காலத்துக் கார் இன்னும் வைத்திருப்பவர்களும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். நேற்று டெலிவரி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பல்பு மாற்றும் வேலை ஒன்றல்ல. அதனால் முதலில் உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரை நடுவில் இருப்பது டூம் லைட். முன்பக்கம் கண்ணாடிக்கு மேலே ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் தனித்தனியாக இருந்தால் அவை மேப் லைட். டிக்கியில் ஒன்று இருக்கும். சில கார்களில் கதவுக்கு அடியில், கையுறைப் பெட்டிக்குள் ஒவ்வொன்று. இவற்றில் பெரும்பாலும் இரண்டு வகை பல்புகள்தான். ஒன்று, சின்னக் கண்ணாடிக் குழாயின் இரண்டு முனையிலும் கூம்பு வடிவ உலோகத் தொப்பி வைத்தது; இரண்டு ஸ்பிரிங் தகடுகளுக்கு நடுவே படுத்திருக்கும். ஃபெஸ்டூன் என்று அட்டையில் போட்டிருக்கும். இதில் நீளம் முக்கியம்: 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று பல அளவு உண்டு. பழைய பல்பைக் கழற்றி அளந்துகொண்டு போவதே நல்லது. இரண்டாவது, தொப்பியே இல்லாமல் கண்ணாடி அடிப்பகுதி தட்டையாக இருந்து ஹோல்டருக்குள் நேராகச் செருகுவது. டி10 என்று கேட்டால் கொடுப்பார்கள். பார்க்கிங் விளக்கிலும் நம்பர் பிளேட் விளக்கிலும் பல கார்களில் இதுதான். இதையே இன்னும் சின்னதாகச் செய்த டி5 பழைய டேஷ்போர்டுகளில் இருக்கும்.

புதிய கார்களில் டேஷ்போர்டு, ஏசி பொத்தான், ஜன்னல் சுவிட்ச் ஆகியவற்றின் வெளிச்சம் பல்பே இல்லாதது. சர்க்யூட் பலகையில் நேராகப் பற்றவைத்த பொடி எல்இடிகள் அவை. நிறம் மாற்ற வேண்டுமானால் மீட்டர் முழுவதையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் பற்றைக் கரைத்து எடுத்து வேறு வைக்க வேண்டும். கை நடுங்காத எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குக்கே அது அரை நாள் வேலை. ஒரு தடம் உரிந்தால் மீட்டரே போகும். நிறம் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் புறநகர் ரயில் ஏறிப் போய் வாங்கி வருகிறவர்கள் பலர். கடையில் அட்டையைத் திருப்பிப் பார்த்து நான்கு விஷயம் உறுதிசெய்துகொள்ளுங்கள்: 12 வோல்ட்டா, எத்தனை மில்லிமீட்டர் அல்லது என்ன அடிப்பகுதி, எத்தனை கெல்வின், எத்தனை வாட். வோல்ட்டேஜை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சிப்காட் பக்கம் காரும் லாரியும் ஒரே கடையில் பல்பு வாங்குகின்றன. கார் 12 வோல்ட். லாரியும் பெரிய பஸ்ஸும் 24 வோல்ட். 12 வோல்ட் எல்இடியை லாரி கேபினில் போட்டால் உடனே கருகும். 24-க்கு உரியதைக் காரில் போட்டால் மின்மினியாக எரியும், அல்லது எரியவே எரியாது.

12 வோல்ட் என்று சொன்னாலும் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேலேயே கொடுக்கிறது. இழை பல்பு அதைத் தாங்கிக்கொள்ளும். எல்இடிக்குள் மின்சாரத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் சின்ன டிரைவர் சர்க்யூட் இருந்தால் கவலையில்லை. வெறும் ரெசிஸ்டரோடு விற்கும் மலிவுச் சரக்கில் இரண்டு வோல்ட் கூடினாலே மின்சாரம் எகிறி, சில்லு சூடாகி, சில மாதங்களில் மினுக்கத் தொடங்கும். இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பெறுகிறது. வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாளில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் கூரையடியில் சூடு எவ்வளவு இருக்கும் என்று கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் அனலே சொல்லும். எல்இடியின் ஆயுளைத் தின்பது சூடுதான். அலுமினிய உடம்பு வைத்த, குறைந்த வாட் பல்பு இங்கே அதிக நாள் உழைக்கும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். இளைஞர்கள் முதலில் கேட்பது நீலம். வேன்களிலும் டூரிஸ்ட் கார்களிலும் நீலப் பட்டை ஓடுகிறது. பார்க்கப் பெரிய வண்டி போலத் தோன்றுகிறது. ஃபோக்ஸ்வேகன் கூட 1990-களின் இறுதியில் தன் கார்களின் மீட்டரை நீல வெளிச்சத்திலும் முள்ளைச் சிவப்பிலும் வடிவமைத்தது. பத்து ஆண்டு கழித்து வெள்ளைக்கு மாறிக்கொண்டது. பிஎம்டபிள்யூ நெடுங்காலம் ஆரஞ்சு கலந்த ஆம்பரை விடாமல் வைத்திருந்தது. அந்த ஆம்பருக்குப் பின்னால் நம் கண்ணைப் பற்றிய ஒரு உண்மை இருக்கிறது.

இருட்டில் பார்ப்பதற்கென்று கண்ணின் விழித்திரையில் தனி செல்கள் உண்டு. குச்சி வடிவில் இருப்பதால் கூம்பு செல்களிலிருந்து பிரித்து அவற்றைக் குச்சி செல்கள் என்கிறார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் அவை முழுதாக விழித்துக்கொள்ள 20 முதல் 30 நிமிடம் ஆகும். சினிமா கொட்டகைக்குள் தாமதமாக நுழைந்து இருக்கையைத் தடவுகிற அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறதே, அதுதான். இந்தக் குச்சி செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு மிக அதிகமாகவும், சிவப்புக்கு மிகக் குறைவாகவும் அசைந்துகொடுக்கும். அதாவது மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் மீட்டரைப் படித்துவிட்டுத் திரும்பவும் சாலையைப் பார்த்தால் இருட்டுப் பார்வை பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீல வெளிச்சத்தில் இருந்துவிட்டுப் பார்த்தால் அது கலைந்திருக்கும், மறுபடி பழக நேரம் பிடிக்கும். நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளும் விமானி அறையிலும் சிவப்பு விளக்கு வைத்ததற்குக் காரணம் இதுதான்.

நீலத்துக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. நம் கண்ணின் வில்லை எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. நீலம் விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடும். அதனால்தான் இரவில் நீல நிற விளம்பரப் பலகையின் எழுத்துகள் ஓரம் கலங்கித் தெரிகின்றன. காருக்குள் நீலப் பட்டை போட்டவருக்குக் கண் சீக்கிரம் சோர்வதில் வியப்பில்லை.

தனி நிறம் போடுவதில் அன்றாட இடைஞ்சல் ஒன்றும் உண்டு. ஒரே நிற ஒளியில் மற்ற நிறங்கள் செத்துப்போகும். 200 ரூபாய் நோட்டு பளிச்சென்ற மஞ்சள், 100 ரூபாய் நோட்டு இளம் ஊதா, 500 சாம்பல் நிறம் என்று ரிசர்வ் வங்கி பிரித்து அச்சடித்திருப்பதே நாம் சட்டென்று அடையாளம் காண்பதற்காகத்தான். நீல விளக்கின் கீழே அந்த மஞ்சள் கறுத்துவிடும். நோட்டின் எண்ணைத் தேடிப் படித்தால்தான் கொடுப்பது எது என்று புரியும். சிவப்பு விளக்கில் சிவப்பு மையில் எழுதியது காகிதத்தோடு மறைந்துபோகும். காரில் வருகிற குழந்தைக்கு அடிபட்டு ரத்தம் வந்தால்கூட அந்த வெளிச்சத்தில் தெரியாது. இதனால் டூம் லைட்டுக்கும் மேப் லைட்டுக்கும் தனி நிறம் எதுவுமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே 3,000 முதல் 4,300 கெல்வின் வரையிலான வெள்ளை, லூமென் பழைய பல்பை ஒட்டியோ சற்றுக் கூடவோ. டிக்கியில் மட்டும் 6,000 கெல்வின், கூடுதல் வெளிச்சம் எல்லாம் தாராளமாகப் போடலாம். வண்டி நின்ற பிறகுதானே அதைத் திறக்கிறோம். ஸ்டெப்னி மாற்றும்போது நன்றாகத் தெரியட்டும்.

நிறம் வேண்டும் என்ற ஆசையை எங்கே தீர்த்துக்கொள்வது? காலடியில். டேஷ்போர்டுக்குக் கீழே, கண்ணுக்கு நேராக எல்இடி தெரியாதபடி, தரையை நோக்கி மங்கலான ஆம்பரோ சிவப்போ வைத்தால் பார்க்கவும் அழகு, பார்வைக்கும் கேடில்லை. செல்போனில் நிறம் மாற்றுகிற ஆர்ஜிபி பட்டை வாங்குகிறவர்கள் ஓட்டும்போது ஒரே நிறத்தில், குறைந்த வெளிச்சத்தில் நிறுத்தி வையுங்கள். பாட்டுக்குத் தாளம் போட்டு மினுங்கும் வசதியை வண்டி ஓடும்போது கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். கடைக்கண் நம் விருப்பத்தைக் கேட்காமல் அசைவின் பக்கம் திரும்பும்.

பழைய காரின் மீட்டரில் நிறம் மாற்றுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே பச்சையாகத் தெரிவது பல்பின் நிறம் அல்ல. பல்பின் மேல் மாட்டிய பச்சை ரப்பர் தொப்பி அல்லது தகட்டின் நிறம். அதை அப்படியே விட்டு நீல எல்இடி செருகினால் நீலம் வராது, ஏறக்குறைய இருட்டுதான் வரும். பச்சைத் தொப்பி பச்சையை மட்டும்தான் வெளியே விடும். தொப்பியை எடுத்த பிறகு எல்இடி போட வேண்டும். இதே காரணத்தால் சிவப்பு மூடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி மங்கிப்போகும். அந்த வெள்ளையில் சிவப்பின் பங்கு குறைவு. சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்இடி.

மாற்றும் வேலை எளிது. சாவியை எடுத்துவிட்டு விளக்கை அணையுங்கள். எரிந்துகொண்டிருந்த இழை பல்பு கையைச் சுடும், ஆறட்டும். முடிந்தால் உள்விளக்கின் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். எது என்று ஃபியூஸ் பெட்டியின் மூடியில் படம் போட்டிருக்கும். விளக்கின் பிளாஸ்டிக் மூடியில் ஒரு ஓரம் சின்ன வெட்டு இருக்கும். அங்கே பிளாஸ்டிக் நெம்புகோலையோ, துணி சுற்றிய தட்டை ஸ்குரூ டிரைவரையோ வைத்து மெல்ல நெம்பினால் மூடி கழலும். வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையோடு இருக்கும், அவசரம் வேண்டாம். ஃபெஸ்டூன் பல்பை ஒரு பக்கத் தகட்டை நோக்கித் தள்ளினால் மறுமுனை விடுபடும். டி10 என்றால் நேராக இழுத்தால் போதும். ஃபியூஸ் கழற்றாமல் வேலை செய்கிறவர்கள் உலோகக் கருவியால் இரண்டு தகட்டையும் சேர்த்துத் தொட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஃபியூஸ் போகும், பல கார்களில் ரேடியோவின் நினைவும் கடிகாரமும் அதே ஃபியூஸில் இருப்பதால் அவையும் சேர்ந்து நின்றுபோகும். பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம், அதே ஆம்பியர் ஃபியூஸ் மாற்றினால் சரியாகிவிடும்.

புது எல்இடியைச் செருகி மூடியைப் போடுவதற்கு முன்பே எரியவைத்துப் பாருங்கள். எரியாவிட்டால் திருப்பிப் போடுங்கள். இழை பல்புக்குப் பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது, எல்இடிக்கு உண்டு. திருப்பிப் போட்டதால் கெட்டுப்போகாது. ஃபெஸ்டூன் எல்இடி தளர்வாக ஆடினால் மின்சாரம் இல்லாத நிலையில் தகடுகளை லேசாக உள்பக்கம் வளைத்துவிடுங்கள். பழவேற்காடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் கார்களில் தகட்டில் பச்சை பூத்திருக்கும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் போடுங்கள்.

மாற்றிய பிறகு வரும் புகார்களில் முதலாவது, அணைத்த பிறகும் லேசாக எரிகிறது என்பது. சில கார்களின் கம்ப்யூட்டர் விளக்கு இருக்கிறதா என்று சோதிக்கக் கொஞ்சம் மின்சாரத்தை எப்போதும் கசிய விடும். இழையைச் சூடேற்ற அது போதாது, எல்இடியை ஒளிர வைக்கப் போதும். பேட்டரிக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் இருட்டில் உறுத்தும். கேன்பஸ் என்று போட்ட பல்பில் இதற்கென்று உள்ளேயே ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். ஐரோப்பிய கார்களில் பல்பு பழுது என்று எச்சரிக்கை காட்டினாலும் தீர்வு அதுதான். அந்த ரெசிஸ்டர் சூடாகும் என்பதால் தேவையில்லாத காரில் கேன்பஸ் பல்பு போடாதீர்கள். இன்னொரு புகார், கதவை மூடியதும் மெல்ல மெல்ல மங்கி அணைய வேண்டிய விளக்கு கடைசியில் பட்டென்று அணைகிறது என்பது. அது பழுதில்லை, எல்இடியின் இயல்பு.

லாபம் ஒன்றும் உண்டு. 5 வாட் இழை பல்பை அணைக்க மறந்து எட்டு மணி நேர ஷிப்டுக்குள் போய்விட்டால், திரும்பி வருவதற்குள் 3 ஆம்பியர் மணிக்கு மேல் பேட்டரியிலிருந்து போயிருக்கும். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி. ஏற்கெனவே பலவீனமான பேட்டரி என்றால் ஸ்டார்ட் ஆவது சந்தேகம். 1 வாட் எல்இடி அதே நேரத்தில் எடுப்பது 1 ஆம்பியர் மணிக்கும் குறைவு.

பல்பைக் கழற்றி பல்பைச் செருகும்வரை வயரில் கை வைக்கவில்லை. பழைய பல்பைப் பத்திரமாக வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். பட்டை விளக்கு ஒட்டுவதற்காக வயரை வெட்டி ஒட்டுப்போட்டால் கதை வேறு. வாரண்டி கேட்கும்போது கம்பெனி மறுக்க அது காரணமாகும். ஒட்டு தளர்ந்து உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கக்கூட வழியுண்டு. இன்சூரன்ஸ் சர்வேயரும் அதைத்தான் முதலில் பார்ப்பார். பட்டைக்குத் தனி ஃபியூஸ் வைத்த இணைப்பு போடச் சொல்லுங்கள், அல்லது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வகையை வாங்குங்கள். முன்கண்ணாடியின் இருபுறத் தூண் மூடியைக் கழற்றி வயர் ஓட்ட யாரையும் விடாதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் திரை போல விரியும் பை அந்த வழியாகத்தான் போகிறது. அதன் முன்னால் வயர் குறுக்கிட்டால் விபத்து நேரத்தில் பை ஒழுங்காக விரியாமல் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108-ஆம் விதிப்படி வண்டியின் முன்பக்கம் சிவப்பு ஒளியும், பின்பக்கம் சிவப்பு அல்லாத ஒளியும் காட்டக் கூடாது. வண்டிக்குள் இருக்கும் விளக்குக்கு அந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு உள்ளே வெளிச்சம் தருவதற்குத்தான். டேஷ்போர்டின் மேல் வெளியே பார்த்தபடி சிவப்பும் நீலமும் மினுங்க வைப்பது உள்விளக்கு ஆகாது. 2017 மே 1 முதல் பிரமுகர்களின் சுழல் விளக்கே பறிக்கப்பட்டுவிட்டது. சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு தீயணைப்பு, காவல் போன்ற அவசரப் பணி வண்டிகளுக்கு மட்டும்தான். நம்பர் பிளேட் விளக்கு உள்விளக்கு அல்ல. அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். டி10 நீல பல்பு மிச்சமிருக்கிறதே என்று அங்கே செருகினால் விதிமீறல். 2019 திருத்தத்துக்குப் பின் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவில் இடமுண்டு. உள்ளே எல்இடி நன்றாக இருக்கிறது என்று ஹெட்லைட்டிலும் அதே வேலையைத் தொடங்காதீர்கள். இழை பல்புக்கென்று வார்த்த கிண்ணத்தில் எல்இடி போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

சொந்தக் காரில் போகிறவர் தன் கண்ணுக்குத் தானே பொறுப்பு. கும்மிடிப்பூண்டி, தச்சூர், திருவள்ளூர் வட்டாரங்களில் இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேன் உரிமையாளர்களிடம் நான் கேட்பது வேறு. ஓட்டுநருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் தூங்கி வழிந்துகொண்டு வருகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் டெயில் லைட் இல்லாமல் நிற்கும் லாரியை அந்த ஓட்டுநர் இருட்டில் கண்டுபிடித்தாக வேண்டும். உங்கள் வண்டிக் கூரையில் ஓடும் நீலப் பட்டையை இந்த வாரமே கழற்றிவிட்டு, ஏறுகிற படிக்கு ஒரு வார்ம் ஒயிட் விளக்கும், கதவை மூடியதும் அது தானாக அணைய ஒரு சுவிட்சும் வையுங்கள். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.